கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் பேசி முடித்த கையோடு கேட்கிற கேள்வி, "தண்ணி எப்படிங்க?" வீட்டுக்காரரும் சளைக்காமல், "போர் இருக்கு, மெட்ரோ வாட்டரும் வருது, தண்ணிக்குக் கவலையே இல்ல" என்பார். குடிக்கிறதுக்கு என்று இழுத்தால், "அதுக்குத்தான் கேன் போடுறாங்களே" என்று பதில் வரும். வீட்டுக்குள் இரண்டு தண்ணீர் வந்தும் மூன்றாவதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. எனக்கும் படவில்லை, கேன் வராமல் போன அந்த ஒரு வாரம் வரைக்கும்.

2020 தொடக்கத்தில், உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பல ஆலைகளுக்குச் சீல் வைத்தார்கள். மற்ற ஆலைக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எங்கள் மூன்றாவது மாடிக்குக் கேன் தூக்கி வரும் தம்பி போனையே எடுக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் மெட்ரோ தண்ணீரைப் பெரிய குண்டானில் பிடித்து, கொதிக்க வைத்து, ஆறியதும் மண்பானையில் ஊற்றி மூடி வைத்தார். ஒரு வாரம் அதைத்தான் குடித்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இதைக் குடிச்சுத்தானடா நீ வளர்ந்த" என்றார். அப்படியானால் இத்தனை வருஷம் எதற்குக் காசு கொடுத்தோம்?

கேன் நல்லதா, குழாய் நல்லதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தண்ணீர் கடைசியாக எங்கே சுத்தமானது, அங்கிருந்து நம் டம்ளர் வரைக்கும் எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் அதே கேள்விதான்.

கேனுக்குள் இருப்பது

முதலில் பெயர்க் குழப்பம். கேனையும் பாட்டிலையும் "மினரல் வாட்டர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. ஐ.எஸ். 13428 என்பது இயற்கைக் கனிம நீர்: ஊற்றிலோ நிலத்தடியிலோ தானாகவே தாதுக்களோடு கிடைப்பதை, அந்தத் தாதுக்களை மாற்றாமல் அடைப்பது. இமாச்சலப் பிரதேசத்திலிருந்து வரும் ஹிமாலயன் தண்ணீர் இந்த வகை, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஐ.எஸ். 14543 என்பது எங்கிருந்தோ எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்து அடைத்தது. நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனும் பெட்டிக்கடை பாட்டிலும் பெரும்பாலும் இந்த இரண்டாவது சாதி. மினரல் என்ற சொல்லுக்கும் அதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் உள்ளே இருந்த மினரலை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

எப்படி எடுக்கிறார்கள்? புறநகரில் ஒரு போர்வெல். அந்தத் தண்ணீர் மணல் வடிகட்டி, கரி வடிகட்டி வழியாகப் போய் ஆர்.ஓ. சவ்வுக்கு வருகிறது. உப்புகூடத் தாண்ட முடியாத அளவுக்கு நுண்ணிய சவ்வு அது. ஒரு பக்கம் தண்ணீரை வைத்து மோட்டாரால் அழுத்தினால், தண்ணீர் மட்டும் மறுபக்கம் கசியும். உப்பெல்லாம் இந்தப் பக்கமே தங்கி, கழிவு நீராக வெளியே போகும். பிறகு புற ஊதா விளக்கு, ஓசோன் வாயு, கேன், மூடி, சீல். ஒழுங்காகச் செய்கிற ஆலையில் வெளியே வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அதில் சந்தேகமில்லை.

நம் போரிலிருந்து அவர்கள் போருக்குப் போயிருக்கிறோம், நடுவில் ஒரு சவ்வு, அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய கம்பெனிகளின் கதையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. அமெரிக்காவில் பெப்சியின் அக்வாஃபினா, தன் தண்ணீர் ஊர்ப் பொதுக் குழாயிலிருந்து வருவதுதான் என்று லேபிளில் அச்சிட 2007இல் ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 2004இல் கோகோ கோலா தன் தசானி தண்ணீரைப் பிரிட்டனில் இறக்கியபோது, அது லண்டன் பக்கத்து சிட்கப் என்ற ஊரின் குழாய்த் தண்ணீர் என்று தெரிந்து ஊரே சிரித்தது. சிரிப்போடு போகவில்லை. கூடுதலாகச் சேர்த்த கால்சிய உப்பில் இருந்த புரோமைடு, ஓசோன் பட்டதும் புரோமேட்டாக மாறியது. புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள் அது. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் இல்லாத கெடுதல், சுத்தம் செய்கிறேன் என்று போன இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சுமார் 5 லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 2003இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லியிலும் மும்பையிலும் விற்ற பாட்டில்களைச் சோதித்துப் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதைக் காட்டியது. எங்கிருந்து வந்தது? ஆலை தண்ணீர் எடுத்த நிலத்திலிருந்துதான். அதன் பிறகு பூச்சிக்கொல்லிக்கான வரம்பைக் கடுமையாக்கினார்கள்.

ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு கேனின் பயணம் தனிக்கதை. கேன் புதிதல்ல. பல வீடு பார்த்துத் திரும்பிய கேன். யாரோ ஒருவர் வீட்டில் கோல மாவு கரைக்கவும் பயன்பட்டிருக்கும். அதைச் சரியாகக் கழுவினார்களா என்பதில்தான் பாதி சுத்தம் இருக்கிறது. அப்புறம் மே மாத வெயிலில் மூடாத டாடா ஏஸில் பகல் முழுக்க நிற்கிறது. இதையெல்லாம் எந்த லேபிளும் சொல்லாது.

குழாய்க்குள் இருப்பது

மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்வது பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தண்ணீர், கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீர், ஆந்திராவின் கண்டலேறுவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுப்பதும் இதில் சேரும். அங்கேயும் அதே ஆர்.ஓ. சவ்வுதான். ஆக, தென் சென்னையில் சில பகுதிக்காரர்கள் குழாயிலேயே ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு, குடிக்க இன்னொரு ஆர்.ஓ. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறை பழையது, எளிமையானது. படிகாரம் போட்டுக் கலக்கினால், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் தங்கும். கிராமத்தில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசினார்களே, அதே வேலைதான். தெளிந்ததை மணல் வழியாக வடித்து, கடைசியில் குளோரின் கலக்கிறார்கள். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு நீரேற்று நிலையம் வந்தது 1914இல். அதற்கு முன் செங்குன்றத்துத் தண்ணீர் திறந்த கால்வாயில் அப்படியே ஊருக்குள் வந்தது. கீழ்ப்பாக்கம் நிலைய வேலையைப் பார்த்த பொறியாளர் மேட்லியின் பெயர் தி.நகரில் ஒரு சாலைக்கு இருக்கிறது. மழை நாளில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

குளோரின் வாசனை நமக்குப் பிடிப்பதில்லை. "மருந்து வாடை அடிக்குது" என்று முகம் சுளிக்கிறோம். ஆனால் இந்த வாசனை ஒரு நல்ல செய்தி. குளோரின் கிருமியைக் கொன்றதோடு போய்விடுவதில்லை. கொஞ்சம் மிச்சமிருந்து, வழியில் கிருமி ஏதும் சேர்ந்தால் அதையும் கவனித்துக்கொள்கிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். குளோரின் கூடவே வருகிற காவல்காரன். கேன் தண்ணீருக்கு அந்தக் காவல் கிடையாது. ஓசோன் தன் வேலையை முடித்ததும் ஆக்சிஜனாக மாறிப் போய்விடும். சீல் இருக்கும் வரை கவலையில்லை. சீலை உடைத்து, கேனைக் கவிழ்த்து, கழுவாத டிஸ்பென்சர் குழாயில் மாட்டிய பிறகு அதைக் காப்பாற்ற உள்ளே ஒருவருமில்லை.

சரி, அப்படியானால் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாமா? சிங்கப்பூரில் குடிக்கிறார்கள். ஒடிசாவின் பூரியில் 2021இல் ஊர் முழுவதும் 24 மணி நேரமும் குழாயில் குடிநீர் என்று கொண்டுவந்துவிட்டார்கள். சென்னையில் நான் குடிக்க மாட்டேன். காரணம் ஆலை அல்ல. கடைசி அரை கிலோமீட்டர்.

நம் ஊரில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. ஏதோ ஒரு நேரத்துக்கு விடுவார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்போது, விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகிறது. அப்போது அதே விரிசல் வழியாக வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரிதான். வெளியே என்ன இருக்கிறது என்றால், பல தெருக்களில் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய். பூரியில் 24 மணி நேரமும் விடுவது சொகுசுக்காக மட்டுமல்ல. அழுத்தம் குறையாமல் இருந்தால் அழுக்கு உள்ளே நுழையாது.

அதையும் தாண்டி நம் வீட்டுக்குள் வந்தால் இருக்கிறது சம்ப், தரைக்கடியில் தண்ணீர் சேரும் தொட்டி. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் சம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. திறந்து பார்த்தால் அடியில் ஒரு முழ உயரத்துக்குச் சேறு, ஒரு செருப்பு, ஒரு பந்து. மேல்நிலைத் தொட்டியின் மூடி எப்போதோ காற்றில் பறந்து போயிருந்தது. புறாக்களுக்கு அது வசதியாக இருந்திருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு "மெட்ரோ வாட்டர் சரியில்ல" என்று நாங்கள் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம்.

டி.டி.எஸ். என்னும் பூச்சாண்டி

தண்ணீர் பற்றி இப்போது யாரிடம் பேசினாலும் டி.டி.எஸ். வந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, அவ்வளவுதான். பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினால் எண் காட்டும். அந்த மீட்டர் உண்மையில் உப்பை எண்ணுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறது. கிருமிகளால் மின்கடத்தல் மாறாது. அதனால் காலரா கிருமி நிறைந்த தண்ணீருக்கும் மீட்டர் "80" என்று சமர்த்தாகக் காட்டலாம்.

ஐ.எஸ். 10500 தரப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ருசியைப் பொறுத்தவரை 300க்குக் கீழே மிக நன்று, 600 வரை நன்று, 1200க்கு மேல் குடிக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. எண் குறையக் குறைய நல்லது என்று இதில் எங்கேயும் இல்லை. 50 காட்டும் தண்ணீர் 250 காட்டும் தண்ணீரைவிட ஐந்து மடங்கு சுத்தம் என்பது விற்பனைக்காரர்கள் கிளப்பிவிட்டது.

அவர்களிடம் இன்னொரு வித்தையும் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவர் வந்து செய்து காட்டினார். இரண்டு டம்ளர்: ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரும்புக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை இரண்டிலும் வைத்து கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் துருப்பிடித்த கழிவாக மாறியது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "பாத்தீங்களா சார், இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்குறீங்க" என்றார். அம்மா பயந்தே போனார். நடந்தது இதுதான்: உப்பிருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் அவருடைய இரும்புக் கம்பியே கரைந்து துருவாக இறங்கும். உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. டம்ளரில் தெரிந்த அழுக்கு அவர் கொண்டுவந்ததுதான். நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் இதே கதிதான்.

ஆர்.ஓ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டி உப்புக் கரித்தால் வேறு வழியில்லை, ஆர்.ஓ.வோ கேனோ வேண்டும்தான். ஆனால் 200, 300 காட்டும் ஏரித் தண்ணீருக்கு வீட்டில் ஆர்.ஓ. வைப்பது, கொசுவுக்குத் துப்பாக்கி எடுக்கிற கதை. ஒரு லிட்டர் கொடுக்க வீட்டு மெஷின் பல சமயம் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. 500க்குக் கீழே டி.டி.எஸ். இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அரசுக்கு உத்தரவிட்டது இதனால்தான். அதே 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும்.

காசுக் கணக்கு

நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளுக்கு ஒரு கேன் என்று வைப்போம். கேன் 40 ரூபாய் என்றால் மாதம் 15 கேன், 600 ரூபாய். வருஷத்துக்கு 7,200. அதாவது லிட்டர் 2 ரூபாய். இதே 300 லிட்டரை 20 ரூபாய் ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் ஆகும். பாட்டிலில் நாம் காசு கொடுப்பது தண்ணீருக்கு அல்ல, பிளாஸ்டிக்குக்கும் லாரி டீசலுக்கும் விளம்பரத்துக்கும்.

கொதிக்க வைத்தால் கேஸ் செலவாகுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, ஏறத்தாழ 100 கிராம் எரிவாயு போதும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் ஆறேழு ரூபாய். லிட்டருக்கு எழுபது பைசா கூட இல்லை. கேனில் மூன்றில் ஒரு பங்கு. சமையலுக்குத் தனியாகக் கொதிக்க வைக்கத் தேவையும் இல்லை, சோறும் குழம்பும் கொதித்துத்தானே ஆகிறது.

தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்குப் போதும். கால் மணி நேரம் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயம் உண்டு. கொதித்த தண்ணீரில் குளோரினும் போய்விடும், காவல்காரன் இல்லை. அதனால் மூடி வைத்து, கையை விடாமல், இரண்டு நாளுக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது, கொதிப்பது கிருமியைத்தான் கொல்லும். ஃபுளூரைடு, நைட்ரேட் எல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அளவு கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்பு ஏறிய தலைமுறையே அங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அங்கே போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது தீர்வாகாது.

ஆகவே காசைச் செலவழிப்பதற்கு முன்னால் உங்கள் குழாயில் வருவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல அடுக்குமாடிகளில் மெட்ரோவும் போரும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன. அப்படியானால் மெட்ரோவுக்குத் தனியாக ஒரு குழாய் இழுக்கச் சொல்லி அசோசியேஷனில் சண்டை போடுவது, கேனுக்குக் கொடுப்பதைவிட லாபம். ஒரு முறை தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. கிருமிச் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். டி.டி.எஸ். சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கேன்தான் வாங்குவது என்று முடிவானால் அதையும் கண்ணைத் திறந்து வாங்கலாம். மூடியின் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றையும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001 முதல் கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள்; அடுத்த மாதமே பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வரிசையில் வைத்து, ஆண்டுதோறும் ஆய்வு என்றார்கள். முத்திரை இருந்தால் நல்லதுதான். கீறல் விழுந்து மங்கிப்போன கேனை, "தம்பி, இதை எடுத்துட்டுப் போயிட்டு வேற கொண்டா" என்று திருப்பிவிடலாம். நான் செய்கிறேன், அவன் முறைப்பதில்லை.

பிளாஸ்டிக் பற்றியும் கேட்பார்கள். 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்களை எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாத நானோ அளவு. உடம்புக்குள் போய் அவை என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. நான் பயப்படவில்லை, ஆனால் பாட்டிலைச் சுத்தத்தின் மறுபெயராக நினைப்பதை விட்டுவிட்டேன். ரயிலிலும் பேருந்திலும் தாகம் எடுத்தால் வாங்கத்தான் செய்கிறேன். ஊர் தெரியாத இடத்தில், யார் வீட்டுச் சம்ப் எப்படி இருக்கும் என்று தெரியாதபோது, சீல் வைத்த பாட்டிலுக்கு 20 ரூபாய் கொடுப்பதில் தப்பில்லை.

வீட்டில் இப்போது அந்தப் பழைய பானை திரும்ப வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சம்ப் கழுவ ஆள் வருகிறார், வீட்டுக்கு 150 ரூபாய் வசூல். ஏரி வற்றி மெட்ரோ நிறுத்தினால் இருக்கட்டும் என்று ஒரே ஒரு கேன் மட்டும் மூலையில் நிற்கிறது. கேன் போடும் தம்பி மாதம் ஒரு முறை வருகிறான். மூன்று மாடி ஏறி வந்ததும், அம்மா பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுக்கிறார். குடித்துவிட்டுத்தான் போகிறான்.